ஆயாவை விமானம் ஏற்றும் முன் இதைச் சொல்லுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பல வீடுகளில் ஒரு பிள்ளையாவது சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருக்கும். பேரப்பிள்ளைகளைப் பார்க்கத் திருச்சியில் விமானம் ஏறும் ஆயாவுக்கும் அப்பத்தாவுக்கும் மாத்திரை, ஸ்வெட்டர், முறுக்கு டப்பா என்று பார்த்துப் பார்த்து எடுத்து வைக்கிறோம். நடுவானில் டர்புலன்ஸ், அதாவது காற்று கலைந்து விமானம் குலுங்குவது, வந்தால் அது என்ன, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறோமா? "ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க" என்பதோடு சரி. அது போதவே போதாது.

டர்புலன்ஸ் என்பது லத்தீன் வழி வந்த சொல். 'டர்பா' என்றால் கூட்டம், குழப்பம். அதற்கு உறவான 'டர்போ' சுழலைக் குறிக்கும், பம்பரத்துக்கும் அதே பெயர்தான். ஊர்க் கலவரத்துக்குச் சொன்ன சொல் பிற்பாடு நீருக்கும் காற்றுக்கும் வந்தது. 1883இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பொறியியல் பேராசிரியர் கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரில் சாயம் விட்டுப் பார்த்தார். மெதுவாக ஓடியவரை சாயம் நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. வேகம் ஒரு அளவைத் தாண்டியதும் சுழித்துக் கலைந்து குழாய் முழுக்கப் பரவிவிட்டது.

ஆயாவுக்கு இதைக் காட்ட சாமி அறை ஊதுபத்தியே போதும். புகை கொஞ்ச தூரம் நேராக ஏறி, அப்புறம் சுருண்டு கலைகிறதே, அதுதான். வானத்திலும் காற்று அப்படிக் கலைகிறது. மேகமே இல்லாத வெளுத்த வானத்திலும் நடக்கும், ரேடாரிலும் தெரியாது. அவர்களுக்குப் புரியாது என்று நாமே முடிவு கட்டுவது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

விமானம் இந்தக் குலுக்கலைத் தாங்கும். பெல்ட் போடாத உடம்பு தாங்காது. 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன விமானம் பர்மாவின் ஐராவதி ஆற்றுப் படுகைக்கு மேலே குலுங்கியது. நம் முன்னோர் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன அதே ஐராவதிதான். விமானம் 5 நொடிக்குள் 178 அடி கீழே இறங்கியது. பெல்ட் போடாதவர்கள் மேலே தூக்கி எறியப்பட்டார்கள். பலருக்குக் காயம், 73 வயதுப் பயணி ஒருவர் இறந்துபோனார். வட அட்லாண்டிக் வான்வழியில் மேகமில்லாத வானில் வரும் கடுமையான குலுக்கல் 1979க்கும் 2020க்கும் இடையில் 55 சதவீதம் கூடியிருப்பதாக இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வு சொல்கிறது. புவி சூடாவதோடு இதற்குத் தொடர்பு உண்டு.

திருச்சியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு விமானத்திலும் தமிழில் அறிவிப்பு வேண்டும். பெல்ட் போடச் சொன்னால் மட்டும் போதாது, காரணத்தையும் சொல்ல வேண்டும். அதுவரை நாம் சொல்வோம்: பெல்ட் போடச் சொல்லும் விளக்கு அணைந்தாலும் பெல்ட்டைக் கழற்ற வேண்டாம். வயிற்றுக்கு மேல் ஏறாமல் இடுப்பெலும்போடு ஒட்டி இறுக்கமாக இருக்கட்டும். தூங்கும்போது சால்வையை உள்ளே விட்டு, பெல்ட்டை அதன்மேல் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பணிப்பெண் வந்து எழுப்பிப் பார்க்க வேண்டியிருக்காது.