வளையத்துக்குக் கீழே நிற்கிற பிள்ளை

போன சனிக்கிழமை பின்னேரம் அக்கா வீட்டு விறாந்தையில் எல்லோரும் ஒரு போனைச் சுற்றி இருந்தோம். சீனாவின் இளம் கூடைப்பந்தாட்ட வீராங்கனை ஜாங் ஸியூவின் காணொளி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பந்து தலைக்கு மேலே வருகிறது. அவள் கையை உயர்த்தி எடுக்கிறாள், திரும்புகிறாள், வளையத்துக்குள் வைக்கிறாள். துள்ளவே இல்லை. சுற்றி நிற்கிற மூன்று பிள்ளைகள் கையைத் தூக்கியும் அவளை எட்ட முடியவில்லை.

அத்தான் சொன்னார்: "இதில என்ன விளையாட்டுக் கிடக்கு? பனை மாதிரி வளந்திருக்கிறாள், நிண்ட இடத்தில நிண்டு போடுறாள்."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தான் நல்ல மனிதர், ஒருவரையும் நோகடிக்க நினைக்காதவர். ஆனால் கதவு நிலையில் சாய்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்ற என் பெறாமகளுக்கு வயது 13, உயரம் 5 அடி 9 அங்குலம். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் குசினிப் பக்கம் போய்விட்டாள். நானும் ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அது ஒரு கிழமையாக மனதை அறுத்துக்கொண்டிருக்கிறது. அத்தானுக்கு அன்று சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் சீனப் பிள்ளையைப் பற்றி. 2007 மே மாதம் பிறந்தவள். ஷான்டொங் மாகாணத்துப் பிள்ளை. 17 வயதிலேயே உயரம் 2.20 மீற்றர், அதாவது 7 அடிக்கு மேல். தாய் யூ யிங் சீனத் தேசிய அணிக்கு விளையாடியவர். தகப்பனும் கூடைப்பந்து விளையாடியவர்தான். 2024 ஜூனில் ஷென்சென் நகரில் நடந்த 18 வயதுக்குட்பட்டோருக்கான ஆசியக் கிண்ணத்தில், இந்தோனேசியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 13 நிமிடம் அளவில் மட்டும் களத்தில் நின்று 19 புள்ளிகள் எடுத்தாள். உலகம் முழுக்கச் சுற்றியது அந்த ஆட்டத்தின் துண்டுகள்தான். அடுத்த வருசம் ஜூலையில், 18 வயதில், அதே நகரில் நடந்த பெரியவர்களின் ஆசியக் கிண்ணத்தில் சீனத் தேசிய அணிக்கு விளையாடினாள். அரையிறுதியில் ஜப்பானிடம் தோற்றுச் சீனா வெண்கலம் எடுத்தது.

சரி, இப்போது "நிண்ட இடத்தில நிண்டு" என்ற கதைக்கு வருவோம்.

கூடைப்பந்தில் அப்படி நிற்கவே விடமாட்டார்கள். எதிரணியின் வளையத்துக்குக் கீழே கோடு போட்ட பெட்டி ஒன்று இருக்கிறது. தன் அணியிடம் பந்து இருக்கும்போது அதற்குள் தொடர்ந்து 3 செக்கனுக்கு மேல் நின்றால் பந்து மற்ற அணிக்குப் போய்விடும். அதனால் உள்ளே போய், இடம் பிடித்து, பந்து வராவிட்டால் வெளியே வந்து, திரும்பவும் உள்ளே போகவேண்டும். ஆட்டம் முழுக்க இதே வேலை. அந்த நேரமெல்லாம் அவளுடைய இடுப்பிலும் தொடையிலும் ஒருத்தி உடம்பைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டே இருப்பாள். உயரமான உடம்பைக் கீழே இருந்து தள்ளினால் சரிப்பது சுகம். தென்னை நட்டவர்களுக்கு இது தெரியும். இன்னொருத்தி முன்னுக்கு வந்து பந்து வருகிற வழியை மறைப்பாள். இவ்வளவுக்கும் நடுவில் காலை ஊன்றி நின்று, மேலே வருகிற பந்தைக் கைநழுவ விடாமல் எடுத்து, எந்தப் பக்கம் ஆள் இல்லை என்று பார்த்துத் திரும்பவேண்டும். ஊன்றிய கால் இடம் மாறக்கூடாது. மாறினால் பிழை.

அந்தக் காணொளியை நான் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். முதல் இரண்டு தடவை எனக்கும் உயரம்தான் தெரிந்தது. மூன்றாவது தடவைதான் காலைப் பார்த்தேன். பிறகு கையைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய உடம்பு, ஆனால் பந்தை விடுகிறபோது விரல் முட்டையைத் தொடுகிற மாதிரி மெதுவாக வேலை செய்கிறது. உயரத்தைத் தாய் தகப்பன் கொடுத்திருக்கலாம். அந்தக் கையை அவள்தான் பழக்கி எடுத்திருக்கிறாள்.

இன்னுமொன்று. அந்த 18 வயதுக்குட்பட்டோர் கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் ஜாங் ஸியூ 42 புள்ளிகள் எடுத்தாள். சீனா தோற்றது. அவுஸ்திரேலியா 96, சீனா 79. உயரத்தில் அவளுக்குக் கிட்டவும் வராத பிள்ளைகள் வென்றார்கள். உயரம் மட்டும் போதும் என்றால் இது எப்படி நடந்திருக்கும்? இப்படி ஒருத்தியை எதிர்க்கிற அணிகள் ஓடும். பந்து கிடைத்த உடனே மற்றப் பக்கம் ஓடும், அவள் திரும்பி வந்து சேருவதற்குள் போட்டுவிடும். இல்லாவிட்டால் 6.75 மீற்றருக்கு அப்பால் நின்று எறிந்து 3 புள்ளி எடுக்கும். வளையத்துக்குக் கீழே காவல் நிற்பவள் அதுவரை வெளியே வரவேண்டும், அதற்கு அவளுக்கு நேரமெடுக்கும். ஆகவே அந்தப் பிள்ளை இன்னும் பழகவேண்டியது நிறைய இருக்கிறது, முக்கியமாக ஓட்டம். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதைச் சொல்வது வேறு, "பனை மாதிரி" என்று சிரிப்பது வேறு.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன்.

யாழ்ப்பாணத்தில் சில பள்ளிக்கூடங்களிலும் கழகங்களிலும் கூடைப்பந்துக்குச் சீமெந்துத் தளம் இருக்கிறது. எங்கள் வன்னியில் அது அரிது. எங்கள் பெண்பிள்ளைகளின் விளையாட்டு வலைப்பந்துதான். இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 1891இல் அமெரிக்காவில் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் தொடங்கிய கூடைப்பந்தை இங்கிலாந்தில் பெண்களுக்காக மாற்றியபோது வந்ததுதான் வலைப்பந்து. இரண்டிலும் வளையத்தின் உயரம் ஒன்றுதான், 3.05 மீற்றர், 10 அடி. வலைப்பந்தில் பின்னால் பலகை இல்லை, பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவும் முடியாது, கையில் 3 செக்கன்தான் வைத்திருக்கலாம். தடுக்கிறவள் 3 அடி தள்ளி நிற்கவேண்டும். ஆனால் இறங்கிய காலில் நின்று திரும்புகிற வித்தை இரண்டுக்கும் பொது.

எங்களிடமும் ஒருவர் இருக்கிறார். புன்னாலைக்கட்டுவனில் இருந்து போன தர்ஜினி சிவலிங்கம். 6 அடி 10 அங்குலம். 2018இலும் 2022இலும் இலங்கை வலைப்பந்தில் ஆசியக் கிண்ணம் எடுத்த அணிகளில் இருந்தவர். 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் மிகக் கூடிய கோல்கள் போட்டவர் அவர்தான், 348. அவரைப் பற்றிப் பெருமைப்படாத தமிழர் இல்லை. முகநூலில் அவருடைய படத்தைப் போட்டு "எங்கள் பிள்ளை" என்று எழுதாதவர்களும் குறைவு. ஆனால் எங்கள் ஒழுங்கையில் 5 அடி 9 அங்குலத்தில் ஒரு பிள்ளை நடந்து போனால் "இனி வளராத பிள்ளை, ஆர் கட்டுறது" என்று சொல்வதும் நாங்கள்தான். இந்த வசனத்தை என் பெறாமகளுக்குச் சொன்னவர்களைக் கை விரலில் எண்ண முடியாது. அவளுடைய அம்மம்மாவும் அதில் ஒருவர்.

நான் போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடியவள். பனங்குற்றியில் இரும்பு வளையம் அடித்து, சாம்பலால் கோடு போட்ட மைதானம். நான் ஜி.கே., வளையத்துக்குக் கீழே தடுக்கிற ஆள். எங்கள் அணியில் கோல் போடுகிறவள் வகுப்பிலேயே உயரமான பிள்ளை. பயிற்சியில் அவளைத் தடுத்துத் தடுத்துத்தான் நான் பழகினேன். 20 எறிந்தால் 15 போடுவாள். மைதானத்தில் நிமிர்ந்து நிற்பாள், படலையைத் தாண்டினால் தோளை ஒடுக்கிக் குனிந்துவிடுவாள். "கொக்கு" என்று கூப்பிடுவார்கள். பிறகு இடம்பெயர்வு வந்தது, விளையாட்டு எங்கே போனது, நாங்கள் எங்கே போனோம். இந்த வருசம் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் அவளைக் கண்டேன். மூன்று பிள்ளைகளின் தாய். சனத்துக்குள் எல்லோருக்கும் பின்னால் போய் நின்றாள், தோள் அதே மாதிரி ஒடுங்கியிருந்தது. "ஏன் அங்க நிக்கிறாய், முன்னுக்கு வா" என்றேன். "மற்றாக்களுக்கு மறைக்கும்" என்றாள்.

என் பெறாமகளும் அப்படி ஆகிவிடுவாளோ என்பதுதான் என் பயம்.

போன வருசம் வலயமட்டப் போட்டிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது பள்ளிக்கூடத்தில் உயரமான பிள்ளைகளை எழுப்பிப் பார்த்து இவளைப் பிடித்தார்கள். அதுவரை பந்தைத் தொட்டதே இல்லை. உயரம் இருக்கிறது, ஜி.எஸ்., அதாவது கோல் போடுகிற ஆளாகப் போடு என்று வளையத்துக்குக் கீழே நிற்பாட்டினார்கள். ஆட்டத்தில் வந்த பந்துகளில் பாதியை விட்டுவிட்டாள். "இவ்வளவு உயரம் இருந்தும்" என்று எல்லோருக்கும் முன்னால் ஏச்சு. அதன் பிறகு மைதானப் பக்கமே போகவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தை மட்டும் குறைசொல்ல நான் வரவில்லை. பல இடங்களில் இதுதான் நடக்கிறது. ஒரு விளையாட்டு ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், போட்டித் திகதி வந்த பிறகுதான் அணி. அந்த ஆசிரியரும் பாவம்தான். ஆனால் பாருங்கள், சின்ன வயதிலேயே பந்தைக் கையில் எடுத்த ஜாங் ஸியூவையே "நிண்டு போடுறாள்" என்று சொல்கிறோம். இரண்டு கிழமை பழகிய பிள்ளை பந்தை விட்டால் "உயரம் இருந்தும்" என்று ஏசுகிறோம். போட்டாலும் உயரம், விட்டாலும் உயரம். பழக்கிறது எங்கே?

முந்தின காலத்தில் சோவியத் அணிக்கு விளையாடிய உலியானா செம்யோனோவா என்ற பெண் இருந்தார், 2.10 மீற்றருக்குக் குறையாதவர். லித்துவேனியாவின் நாட்டுப்புறத்தில் வளர்ந்தவர். அவரைச் சிறுமியாக இருக்கும்போதே லத்வியாவின் ரீகா நகரத்துக்குக் கூட்டிவந்து பழக்கினார்கள். ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து முதன்முதல் 1976இல் மொன்றியலில் வந்தபோது தங்கம், 1980இலும் தங்கம். யாரோ ஒருவர் அந்தப் பிள்ளையைப் பார்த்து, சிரிக்காமல், பழக்கலாம் என்று நினைத்திருக்கிறார்.

எங்கள் பிள்ளைகளை மொன்றியலுக்கு அனுப்பச் சொல்லவில்லை. நான் கேட்பது ஆறாம் வகுப்பில் இருந்து கிழமைக்கு இரண்டு நாள், ஒரு பந்து, ஒரு வளையம். முதல் வருசம் போட்டியே வேண்டாம். பிடிக்கவும் இறங்கவும் திரும்பவும் பழகட்டும். கெதியாக வளர்கிற பிள்ளைக்கு முழங்கால் நோகும், அதைக் கள்ளம் என்று சொல்லாமல் ஓய்வு கொடுக்கவேண்டும். கிரவல் தரையில் வெறுங்காலோடு ஓடவிடக்கூடாது. நல்ல சாப்பாடு வேண்டும், ஒரு முட்டை, ஒரு பிடி கச்சான், எங்கள் குளத்து மீன். அப்புறம் வீட்டுக்குப் போகிற பஸ். பயிற்சி ஐந்து மணிக்கு முடிந்தால் நெடுங்கேணிப் பக்கத்துப் பிள்ளை எப்படிப் போவாள்? பொழுதுபட்டால் அந்த வீதியில் யானை. தாய் தகப்பன் மறிப்பது பாதி இதற்காகத்தான். பயிற்சியைக் காலையில் வைத்தால் என்ன? வெளிநாட்டில் இருந்து பழைய மாணவர்கள் அனுப்புகிற காசில் நுழைவாயில் வளைவு கட்டுகிறோம். அதில் ஒரு துண்டுக் காசு போதும், இரண்டு வளையத்துக்கும் பத்துப் பந்துக்கும்.

இதையெல்லாம் உயரமான பிள்ளைக்கு மட்டும் கேட்கவில்லை. ஜாங் ஸியூவின் காணொளியில் ஒருவரும் கவனிக்காத இன்னொரு பிள்ளை இருக்கிறாள், பந்தைக் கொடுக்கிறவள். தடுக்கிறவர்களின் கைக்கு மேலால், அவள் கைக்கு மட்டும் எட்டுகிற உயரத்தில் வைக்கவேண்டும். ஒரு சாண் பதிந்தாலும் பறித்துவிடுவார்கள். அந்தப் பிள்ளை சாதாரண உயரம்தான். எங்கள் வகுப்புகளில் அப்படி எத்தனை பேர் இருப்பார்கள்.

நேற்றுப் பின்னேரம் திரும்பவும் அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தானிடம் மேலே எழுதியதில் பாதியைச் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார், பிறகு மாட்டுக்குத் தண்ணீர் வைக்க எழும்பிப் போய்விட்டார். பெறாமகள் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"சின்னம்மா, அந்த வீடியோவை ஒருக்காப் போடுங்கோ."

போட்டேன். முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பந்து வந்தது, ஜாங் ஸியூ எடுத்தாள், திரும்பினாள்.

"நிப்பாட்டுங்கோ. திருப்பி விடுங்கோ. அவ எந்தக் காலை முதல் வைக்கிறா?"

இடது கால் என்று நான் நினைத்தேன். அவள் வலது என்றாள். நாலு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தோம். பிறகு அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு முற்றத்துக்கு இறங்கினாள். பந்து இல்லை. வெறுங்கையோடு பாய்ந்து இறங்கி, வலது காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தாள். "எறியுங்கோ ஏதாவது" என்றாள். தேங்காய் உரித்த பொச்சு ஒன்று கிடந்தது, அதை எடுத்து உயரமாக எறிந்தேன்.