கத்தரி வாங்கிக் கொடுக்கச் சொன்னவரின் குறும்படம்

நான் எடிட்டிங் மேசையில் உட்கார்ந்து பிழைக்கிறவன். அதனால் இந்தக் கோபத்தில் கொஞ்சம் சொந்தக் கடுப்பும் கலந்திருக்கிறது, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் நான் உதவி எடிட்டராக வேலை பார்த்த ஒரு படத்தை, யூடியூபில் விமர்சனம் செய்யும் ஒருவர் 12 நிமிடம் கிழித்துத் தொங்கவிட்டார். "எடிட்டருக்கு யாராவது ஒரு கத்தரி வாங்கிக் குடுங்கப்பா" என்றார். படம் சுமார்தான், எங்களுக்கே தெரியும். இரண்டாம் பாதி இழுத்தது. சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

அந்த மனிதர் போன வாரம் ஒரு குறும்படம் வெளியிட்டிருக்கிறார். எழுத்து, இயக்கம், எடிட்டிங் எல்லாம் அவரே. 22 நிமிடம்.

அலாரம் அடிக்கிறது. போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்து அணைக்கிறது. மறுபடி அலாரம், மறுபடி கை. நாயகன் எழுந்து பல் தேய்க்கிறார், முகம் கழுவுகிறார், கண்ணாடியில் தன்னையே வெறிக்கிறார். ஷூ லேஸ் கட்டுவது குளோசப்பில். 1 நிமிடம் 40 நொடி போயே போச்சு, கதை இன்னும் வாசலுக்கே வரவில்லை. "முதல் ஒரு நிமிஷத்துல என்னை உள்ள இழுக்கலைன்னா நான் போனை எடுத்துடுவேன்" என்று வீடியோவுக்கு வீடியோ சொல்கிறவர் இவர்!

சரி, அதுகூடப் போகட்டும். நாயகனும் நாயகியும் ஓர் அறையில் பேசுகிறார்கள். நாயகன் முகம் வரும்போது மின்விசிறி 'ர்ர்ர்' என்கிறது. நாயகி முகம் வந்ததும் விசிறி கப்சிப். திரும்ப நாயகன், திரும்ப 'ர்ர்ர்'. நான்கு நிமிடக் காட்சி முழுக்க இப்படியே. இதைச் சரிசெய்யக் கோடி கொட்ட வேண்டாம். எல்லாரையும் அரை நிமிடம் வாயை மூடச் சொல்லி, அந்த அறையின் வெறும் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்துகொண்டால் போதும். ரூம் டோன் என்போம். வெட்டுகளுக்கு அடியில் அதை ஓடவிட்டால் காது ஏமாந்துவிடும். இல்லையா, விசிறியை அணைத்துவிட்டாவது எடுத்திருக்கலாம். போதாக்குறைக்கு, எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இருவரும் திரையில் ஒரே பக்கம் பார்த்துப் பேசுகிறார்கள், பஸ்ஸில் முன்சீட்டும் பின்சீட்டும் மாதிரி. பேசும் இருவருக்கும் இடையே கற்பனையாக ஒரு கோடு போட்டு, கேமராவை அதற்கு ஒரே பக்கம் வைத்து எடுப்போம். இங்கே கேமரா அந்தக் கோட்டுக்கு மறுபக்கம் போனது இயக்குநருக்கும் தெரியவில்லை, எடிட்டருக்கும் தெரியவில்லை. இரண்டும் ஒரே ஆள்தானே.

முதல் படம் சொதப்புவது குற்றமே இல்லை. என்னுடைய முதல் வேலையை ஹார்ட் டிஸ்கிலிருந்தே அழித்துவிட்டேன். படம் எடுக்கத் தெரிந்தவன்தான் விமர்சிக்க வேண்டும் என்ற பழைய வாதமும் எனக்குப் பிடிக்காது. எனக்கு வயிறு எரிவது வேறு இடத்தில். வாரத்துக்கு மூன்று படம் என்று வருடக்கணக்காகப் பார்த்தவர், அத்தனையிலும் என்னதான் பார்த்தார்? ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குச் சத்தம் எப்படிப் போகிறது என்று ஒரே ஒருமுறை கவனித்திருந்தால் அந்த விசிறி அவரையே உறுத்தியிருக்கும். எங்கே கிண்டலடிக்கலாம் என்று மட்டுமே பார்த்திருக்கிறார்.

பார்க்கத் தெரிந்த விமர்சகர்களும் இருந்திருக்கிறார்கள். பிரான்சில் த்ரூஃபோ என்ற விமர்சகர் எழுத்தில் அடித்த அடியில் 1958இல் கான் திரைப்பட விழாவே அவரை உள்ளே விடவில்லை. அடுத்த வருடம் தன் முதல் முழுநீளப் படத்தோடு போய் அதே விழாவில் சிறந்த இயக்குநர் விருதை வாங்கினார். எல்லாருக்கும் அப்படி அமையாதுதான். அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் திரைக்கதை எழுதி 1970இல் வந்த படத்துக்கு, இன்னொரு விமர்சகரான ஜீன் சிஸ்கல் ஒரு நட்சத்திரம்கூடத் தரவில்லை. பூஜ்யம். பிறகு 1975இல் அதே சிஸ்கலோடு சேர்ந்து டிவியில் விமர்சன நிகழ்ச்சி நடத்த ஆரம்பித்தார் ஈபர்ட். அது மனசு.

நம் ஆளோ முதல் கமென்டாகப் பின் செய்து வைத்திருக்கிறார்: "அஞ்சு நண்பர்கள், ரெண்டே நாள் ஷூட், கைக்காசு. குறை இருந்தா பொறுத்துக்கிட்டு ஊக்கம் கொடுங்க." ஐயா, நீங்கள் ஒன்றரை மார்க் போட்ட புது இயக்குநர்களில் எத்தனை பேர் கடன் வாங்கிப் படம் எடுத்தவர்கள்? அவர்களில் யாராவது பொறுத்துக்கொள்ளச் சொன்னால் "பார்வையாளனுக்கு உங்க கஷ்டம் எதுக்கு?" என்று கேட்டது யார்?

நான் கத்தரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. விசிறிச் சத்தம் வரும் இடத்தின் நிமிடம், நொடியைக் குறித்து, எப்படிச் சரிசெய்யலாம் என்று மரியாதையாக நான்கு வரி எழுதினேன். பத்து நிமிடத்தில் கமென்டைக் காணோம். வயிற்றெரிச்சல் கோஷ்டியைக் கண்டுகொள்ள மாட்டேன் என்று கீழே ஒரு பதிவு மட்டும் வந்திருந்தது.

நேற்று புது வீடியோ போட்டிருக்கிறார். தம்ப்நெயிலில் தலையில் கை. பின்னணி இசை வசனத்தை முழுங்கிவிட்டதாம், சவுண்ட் மிக்சிங் செய்தவர் தூங்கிவிட்டாராம். அதையே இரண்டு முறை ஓடவிட்டுத்தான் புரிந்துகொண்டேன். அவர் பேச்சுக்கு அடியில் போட்டிருந்த மியூசிக் அப்படி.