அவளிடம் கேட்டீர்களா?

முந்தாநாள் என் பெண்ணை விடுதியில் விட்டுவிட்டு வந்து நான் போட்ட படத்துக்குக் கீழே நடந்த கூத்தை எல்லாரும் பார்த்தீர்கள். அந்தப் பின்னூட்டத்தை நான் நீக்கவில்லை. இருக்கட்டும். "சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு வர எப்படி மனசு வந்தது? பாரம் இறங்கியதா?" அதற்கு 43 விருப்பக்குறிகள். அதில் 7 பேர் எனக்கு நேரில் தெரிந்தவர்கள். ஆமாம், பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் இருந்தேன். முடியவில்லை.

ஒரே ஒரு கேள்வி. அவளிடம் கேட்டீர்களா? அவளும் இதே முகநூலில்தான் இருக்கிறாள். 18 வயது முடிந்துவிட்டது. படத்தில் அவளை டேக் செய்திருந்தேன். அத்தனை பின்னூட்டங்களில் ஒருவர்கூட அவள் பெயரைச் சொல்லி, "என்ன படிக்கப் போகிறாய்?" என்று கேட்கவில்லை. அழுதது, வாழ்த்தியது, திட்டியது எல்லாம் என்னிடம்தான்.

இதைச் சொல்ல எனக்கு அருகதை கொஞ்சம் குறைவு, அதையும் ஒப்புக்கொள்கிறேன். பல வருடம் நானும் அதைத்தான் செய்தேன். மருத்துவர் அவளைப் பார்த்து "வலிக்கிறதா?" என்பார். "இல்லை டாக்டர், நன்றாக இருக்கிறாள்" என்பேன் நான். அவளுக்கு 14 வயதானபோது ஒரு பிசியோதெரபிஸ்ட் என்னை வெளியே உட்காரச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. 20 நிமிடம் கழித்து வெளியே வந்தவள், சக்கரத்தைத் தள்ளித் தள்ளி நான்கு மாதமாக வலது தோளில் வலி என்றாள். நான்கு மாதம்! தினமும் அவளுக்குத் தலை பின்னிவிட்டவள் நான். ஏன் சொல்லவில்லை என்றேன். "நீதான் முதல்லயே இல்லைன்னு சொல்லிடறியேம்மா" என்றாள்.

உண்மையில் அவள் விடுதிக்குக் கிளம்ப ஆரம்பித்தது அன்றைக்குத்தான். ஒவ்வொன்றாகப் பழகினாள். மாத்திரை தீருவதற்குள் தானே வாங்கிவைப்பது, டயர் பஞ்சரானால் யாரைக் கூப்பிடுவது, உட்கார்ந்தே இருந்தால் புண் வருமே என்று அரை மணிக்கு ஒருமுறை கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்வது, கண்ணாடி வைத்துத் தோலைப் பார்த்துக்கொள்வது. அப்புறம், உதவ வருபவரிடம் "இப்படி இல்லை, இந்தப் பக்கம் பிடியுங்கள்" என்று சொல்வது. இருப்பதிலேயே கஷ்டம் இதுதான். நன்றி சொல்லிச் சொல்லியே வளர்ந்த பிள்ளைக்கு, உதவி செய்பவரைத் திருத்த வாய் வராது. நாலு வருடம் ஆனது.

பள்ளியில் கேட்காமலே வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள். கல்லூரியில் அப்படி இல்லை. தேர்வில் கூடுதல் நேரம் வேண்டும், தீப்பிடித்து லிப்டை நிறுத்திவிட்டால் என்னை யார் கீழே இறக்குவீர்கள் என்று அவளே போய்க் கேட்டாக வேண்டும். கேட்டாள். அறையைப் பார்க்கப் போகும்போது டேப்பை எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் சாய்தளம் பிரமாதம்: 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம், முறைப்படி கட்டியிருந்தார்கள். குளியலறைக் கதவு 60 சென்டிமீட்டர். அவள் நாற்காலி 64. அதாவது, உள்ளே வரலாம், குளிக்கத்தான் கூடாது. கதவை மாற்ற ஐந்து வாரமும் அவள் எழுதிய ஒன்பது கடிதமும் ஆயின. நான் ஒன்றுகூட எழுதவில்லை. கை துடித்தது, அது வேறு விஷயம்.

"தனியாக" என்கிறீர்களே, காலையும் இரவும் உதவியாளர் வருகிறார். அவரிடம் பேசி அமர்த்தியது அவள். எட் ராபர்ட்ஸ் என்று ஒருவர் இருந்தார், என் பெண் சொல்லித்தான் எனக்கும் தெரியும். போலியோ வந்து, மூச்சுவிட உதவும் இரும்பு நுரையீரல் இயந்திரத்துக்குள் தூங்கியவர். 1962இல் அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனார். அந்த இயந்திரத்துக்கு விடுதியில் இடமில்லை என்று வளாக மருத்துவமனையில் அறை கொடுத்தார்கள். அவரைப் பார்த்து இன்னும் சில மாற்றுத்திறனாளி மாணவர்கள் வந்தார்கள், 1972இல் அவர்களே சுதந்திர வாழ்வுக்கென்று ஒரு மையம் தொடங்கினார்கள். வேலைக்கு லாயக்கில்லை என்று அவரை ஒதுக்கப் பார்த்த மாநில மறுவாழ்வுத் துறைக்கு 1975இல் அவரே இயக்குநர். அவர் மட்டும் எல்லாவற்றையும் தன் கையால் செய்தாரா? யார், எப்போது, எப்படிச் செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தது அவர். 2006இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆவது பிரிவும் இதைத்தான் சொல்கிறது: எங்கே, யாரோடு வாழ்வது என்பது அவர்கள் தேர்வு.

"எல்லாப் பிள்ளைகளும் உங்கள் பெண் மாதிரியா? அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் என்ன செய்வார்கள்?" என்று வருவீர்கள். அவர்களிடமும் கேளுங்கள். படத்தைக் காட்டிக் கேளுங்கள், இரண்டில் ஒன்றைத் தொடச் சொல்லுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். பணம்? அதற்கு என்னிடம் பதில் இல்லை. உதவியாளர் சம்பளம் எங்களையே திணறடிக்கிறது, முடியாத வீடுகளிடம் நான் வாய் திறக்க மாட்டேன்.

ஆனால் "பயமாக இல்லையா?" என்று மட்டும் கேட்காதீர்கள். உங்களுக்கு ஒரு பின்னூட்டம் எழுதும் நேரம்தான் பயம். எனக்கு 18 வருடம். நான் போன பிறகு, 45 வயதில் முதல்முறையாக அவள் இதையெல்லாம் பழகினால் பரவாயில்லையா? அன்றைக்கு அந்த 43 பேரில் யார் வருகிறீர்கள்? தேதி சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறேன்.

பாரம் இறங்கியதா என்று கேட்டவருக்கு: சின்ன வயதில் இரவு இரண்டு மணிக்கு எழுந்து அவளைப் புரட்டிப் படுக்கவைப்பேன். பத்தாம் வகுப்பிலேயே கட்டில் கம்பியைப் பிடித்துத் தானே புரளக் கற்றுக்கொண்டுவிட்டாள். எனக்குத்தான் விழிப்பு நிற்கவில்லை. நேற்றும் வந்தது. எழுந்துபோய் அவள் அறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இதை அவளுக்கு அனுப்பிக் கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன். இரண்டு இடத்தில் வெட்டச் சொன்னாள், வெட்டிவிட்டேன். கண்ணாடி விஷயம் இருக்கட்டும், யாருக்காவது உதவும் என்றாள். "அந்த 43 பேரை விடும்மா, எனக்கு க்ளாஸுக்கு நேரமாச்சு" என்றும் சொன்னாள்.

அது ஒன்றை மட்டும் நான் கேட்கவில்லை.