0.707 எல்லாக் கோணத்துக்கும் வராது

ஃபில்லட் வெல்டில் (இரு தகடுகள் சேரும் மூலையை நிரப்பும் முக்கோண வெல்டில்) லெக் நீளத்தை (மூலையிலிருந்து தகட்டின் மேல் வெல்ட் பரவும் நீளத்தை) 0.707-ஆல் பெருக்கினால் த்ரோட் (மூலையிலிருந்து வெல்டின் மேற்பரப்புக்கு உள்ள மிகக் குறைந்த தூரம்) வந்துவிடும், தகடுகள் எந்தக் கோணத்தில் சேர்ந்தாலும் சரி என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். இரண்டு மூன்று பேர் அதையே வழிமொழிந்தும் இருக்கிறார்கள். மன்னிக்கவும், அது 90 டிகிரி மூட்டுக்கு மட்டுமே பொருந்தும். லெக் இரண்டும் சமமாக, வேரில், அதாவது தகடுகள் சந்திக்கும் மூலையில், இடைவெளி இல்லாமல் இருந்தால், த்ரோட் என்பது லெக் நீளம் பெருக்கல் மூட்டுக் கோணத்தில் பாதியின் கொசைன். 45 டிகிரியின் கொசைன்தான் அந்த 0.707. 120 டிகிரியில் அது 0.5 ஆகிவிடும். 10 மி.மீ. லெக் போட்டு 7 மி.மீ. த்ரோட் கிடைத்ததாக நினைத்திருப்போம், இருப்பதோ 5 தான்.

நம்பிக்கை வரவில்லையா? கால்குலேட்டர்கூட வேண்டாம். தாளில் பாகைமானி வைத்து 120 டிகிரி வரையுங்கள். மூலையிலிருந்து இரு பக்கமும் 100 மி.மீ. குறித்து, இரு புள்ளிகளையும் கோட்டால் இணையுங்கள். மூலையிலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக அளந்தால் ஸ்கேல் 50 காட்டும், 70 அல்ல.

வெல்டின் அளவைப் பார்க்கும் சாதாரண ஃபில்லட் கேஜும் செங்கோணத்துக்காகவே வெட்டப்பட்டது. விரிந்த மூட்டில் அது தகட்டோடு ஒட்டி உட்காராமல் ஆடும். அப்படி ஆடும்போது எடுத்த அளவை ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள். சாய்ந்த மூட்டுக்கென்றே தனி கேஜ் இருக்கிறது.