கேட்டுவிட்டுத் தண்டியுங்கள், சேர்

அரச கல்வி நிறுவனமொன்று தன் மாணவர்களுக்குத் தடை போட்டதே, அந்தக் கடிதத்தைப் பற்றித்தான். திங்கட்கிழமையிலிருந்து திருகோணமலை வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. நான் பகிரமாட்டேன், பிள்ளைகளின் பெயர்கள் அப்படியே கிடக்கின்றன. (மறைத்துவிட்டுப் போடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அது வேறு கதை.) ஒன்பது பேருக்கு ஆறு மாத வகுப்புத் தடை. காரணம், 'ஒழுக்கத்துக்குப் புறம்பான நடத்தை'. என்ன நடத்தை, எந்தத் திகதி, கண்டது யார், ஒன்றும் இல்லை. கீழே ஐந்து பேருக்குப் பிரதி மட்டும் ஒழுங்காகப் போட்டிருக்கிறார்கள்.

தண்டிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட்டுவிட்டுத் தண்டியுங்கள் என்கிறேன்.

அரச அலுவலகமொன்றில் 22 வருடமாகக் கோப்புத் தூக்குகிறவன் நான். எங்கள் சாரதி ஒருவர் டீசல் களவெடுத்தார் என்று வந்தாலும், அரச ஊழியர்களுக்கான தாபன விதிக்கோவை இரண்டாம் தொகுதி 48ஆம் அத்தியாயத்தைத்தான் முதலில் விரிப்போம். குற்றப்பத்திரம் கொடுக்க வேண்டும். அதில் ஆவணங்களும் சாட்சிகளும் இருக்க வேண்டும். பதில் எழுத நாள் கொடுக்க வேண்டும். அவர் மறுத்தால் விசாரணை, அங்கே தன் பக்கம் பேச ஒருவரை வைத்துக்கொள்ளலாம். டீசல் களவுக்கு இவ்வளவு! பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அறிவித்தல் பலகையில் ஒரு தாள், நாலு குண்டூசி.

"பகிடிவதைக்காரனுக்கு வக்காலத்தா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். பகிடிவதை என்றால் கடிதத்தில் பகிடிவதை என்றே எழுதுங்களேன், யார் கையைப் பிடித்தது? 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதற்கு இரண்டு வருடம் வரை சிறை என்கிறது. அதுவும் நீதவான் முன் விசாரணை நடந்த பிறகு. நீதவானே கேட்டுவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்கிறார். நம்முடைய சேர்மாருக்குக் கேட்காமலே விளங்கிவிடுகிறது.

முறைப்பாடு செய்த பிள்ளையின் பெயர் வெளியே வந்துவிடும் என்கிறார்கள். இது நியாயமான பயம். பெயரை மறைத்து விசாரிக்க வழி தேடத்தான் வேண்டும். "கண்டிப்பு இல்லாவிட்டால் பிள்ளைகள் கெட்டுப்போகும்" என்பவர்களுக்கு: சரி, சரி.

ஏன் இவ்வளவு சூடாகிறாய் என்று மனைவியும் கேட்டுவிட்டாள். சொல்கிறேன்.

கிண்ணியாப் பாலம் 2009இல்தான் வந்தது. அதற்கு முன் ஆலங்கேணியிலிருந்து டவுனுக்குப் படிக்கப் போன எங்களுக்குப் பாதை, அதாவது ஆட்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைதான் கதி. ஒருநாள் காலை பாதை பழுது. பத்து மணி வரை கரையில் நின்றேன். அந்த நேரத்தில் நான் படித்த இடத்தில் ஆய்வுகூடக் கண்ணாடி உடைந்திருக்கிறது. உடைத்தவர்கள் என்னோடு திரிகிறவர்கள், ஆகவே பட்டியலில் என் பெயரும். இரண்டு கிழமைத் தடை. அதற்குள் செய்முறைப் பரீட்சை வந்து போய்விட்டது.

அப்பா வெள்ளை வேட்டி கட்டி, குடையை மடியில் வைத்துக்கொண்டு காரியாலய வாங்கில் இரண்டு மணித்தியாலம் இருந்தார். 'சேர் கூட்டத்தில்.' கூட்டம் நடந்த அறைக்குள் தேத்தண்ணி போனதும் சிரிப்புக் கேட்டதும் இன்றைக்கும் ஞாபகம். உள்ளே கூப்பிட்டபோது நிற்க வைத்தே ஒரு கேள்வி: "பிள்ளையை வளர்க்கத் தெரியாதா?" தெரியாது சேர், வளர்க்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் உள்ளே இருந்தீர்கள். அப்பா அப்படிச் சொல்லவில்லை. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். என்னத்துக்கு மன்னிப்பு?

திரும்பிப் போகும்போது பாதையில் வைத்துத்தான் கேட்டார்: "நீ உடைச்சனியா?" இல்லை என்றேன். தலையாட்டினார். அந்த விவகாரம் முழுவதிலும் என்னிடம் அதைக் கேட்டது அவர் ஒருவர்தான்.

அந்த ஒன்பது பேரும் செய்தார்களா இல்லையா, எனக்குத் தெரியாது. கடிதம் போட்டவருக்கும் தெரிந்த மாதிரித் தெரியவில்லை.

பெற்றோர் யாராவது வாசித்தால்: இது அரச நிறுவனம். அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போவதென்றால் ஒரு மாதம்தான் தவணை. கொழும்பு தூரம், செலவு என்று யோசித்தால், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் டவுனிலேயே இருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் அங்கே முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் கிடக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டின் பிரதியில் சீல் அடித்து வாங்குங்கள். கடிதம் வந்த உறையையும் எறிந்துவிடாதீர்கள், தபால் முத்திரையில் திகதி இருக்கும்.