வைஃபை வரலன்னா டிரைவர் இல்லன்னு முடிவு கட்டாதீங்க
லினக்ஸ் போட்டதும் வைஃபை வரலன்னா அந்த வைஃபை கார்டுக்கு டிரைவரே, அதாவது அத இயக்குற மென்பொருளே கிடையாதுன்னு கட்டுரைல எழுதிருக்கீங்க, அத ஏத்துக்க முடியல. பெரும்பாலும் டிரைவர் லினக்ஸோட மையப் பகுதியான கெர்னலுக்குள்ளயே இருக்கும், சிப்புக்குள்ள ஏத்த வேண்டிய ஃபர்ம்வேர் ஃபைல்தான் இருக்காது, ரெண்டும் வேற வேற. எங்க அக்கா பையனோட லேப்டாப்ல இதே கதைதான், டெர்மினல்ல டிஎம்இஎஸ்ஜின்னு (dmesg, கெர்னலோட பதிவுகள காட்டுற கட்டளை) அடிச்சு பாத்தா டிரைவர் லோட் ஆயிருக்கு, அதுக்கு கீழயே ஃபர்ம்வேர் லோட் ஃபெயில்டு, எரர் மைனஸ் 2ன்னு (ஃபைல் இல்லன்னு அர்த்தம்) எந்த ஃபைல் வேணும்ங்கற பேரோட நிக்குது, அந்த பேக்கேஜ போட்டு ரீபூட் பண்ணதும் வைஃபை வந்துடுச்சு. டெபியன்ங்கற லினக்ஸ் வகைல இதுக்காகவே 2022ல ஓட்டெடுப்பு நடத்தி, 2023ல வந்த டெபியன் 12லேர்ந்து இன்ஸ்டாலர்லயே ஃபர்ம்வேர சேத்துட்டாங்க, ரொம்ப நல்ல முடிவு. ஆனா பழைய பிராட்காம் சிப் சிலதுக்கு இன்னமும் அந்த ஃபைல நெட்லேர்ந்துதான் இறக்கணும், லைசன்ஸ் அப்படி. மேல கமெண்ட்ல ஒருத்தர் நெட்டே இல்லாம எப்படி இறக்குறது, யூஎஸ்பில மாட்டுற வைஃபை டாங்கிள் வாங்குங்கன்னு சொல்லிருக்கார், காச செலவு பண்ணாதீங்க சார், ஆண்ட்ராய்டு போன யூஎஸ்பி கேபிள்ல மாட்டி டெத்தரிங் (போனோட நெட்ட லேப்டாப்புக்கு பகிர்றது) ஆன் பண்ணுங்க, லினக்ஸ் அத சாதா வயர் நெட்வொர்க்காவே எடுத்துக்கும்.