அந்த 12 வருட அனுபவம் எங்கே போனது?

"வெளிநாடு போய்ச் சேர்ந்துட்டா போதும், உழைக்கிறவன் எங்கேயும் சம்பாதிச்சுக்குவான்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. கொண்டுபோன படிப்பும் அனுபவமும் அங்கே செல்லுபடியாகாவிட்டால் எவ்வளவு உழைத்தும் சம்பளம் அடிமட்டத்திலேயே நிற்கும்.

என் தோழி தீவிர சிகிச்சைப் பிரிவில் 12 வருடம் நர்ஸாக இருந்தவள். போன இடத்தில் முதியோர் இல்லத்து உதவியாளர் வேலைதான் கிடைத்தது. ஓர் இரவு பெரியவர் ஒருவருக்கு மூச்சு மாறுவதை முதலில் கவனித்தது இவள். என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், ஆனால் மருந்தைத் தொட அனுமதி இல்லை. மணியை அழுத்திவிட்டு, நர்ஸ் வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். இதைச் சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அங்கே நர்ஸாக வேலை பார்க்க லைசென்ஸ் தேர்வு எழுதலாமே என்பார்கள். படிக்க நேரம் வேண்டும். அதற்கு ஷிப்டைக் குறைக்க வேண்டும். குறைத்தால் வாடகை இடிக்கும். இப்படியே ஐந்து வருடம் ஓடிவிட்டது. இப்போது "இத்தனை வருஷம் ஏன் நர்ஸிங் பார்க்கலை?" என்று கேட்கிறார்களாம்!

இது இவள் ஒருத்தியின் கதை என்று ஒதுக்க முடியாது. இஸ்ரேலில் குடியேறியவர்களின் ஊதியத்தை ஆராய்ந்து 2000-இல் பொருளாதார ஆய்வாளர் ரேச்சல் ஃப்ரீட்பெர்க் எழுதிய கட்டுரை, வெளியே பெற்ற படிப்புக்கும் அனுபவத்துக்கும் உள்நாட்டில் பெற்றதைவிடக் குறைந்த பலனே கிடைப்பதைக் காட்டியது. கனடாவின் டொராண்டோவில் பிலிப் ஓரியோபவுலோஸ் என்ற பொருளாதார ஆய்வாளர் வேலை விளம்பரங்களுக்கு ஆயிரக்கணக்கில் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார். 2011-இல் வந்த அந்த ஆய்வில், இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர்களுக்கும் வெளிநாட்டு அனுபவத்துக்கும் நேர்காணல் அழைப்பு குறைந்தது. மொழி நன்றாகத் தெரியும் என்று எழுதியும் அந்த இடைவெளி குறையவில்லை. மொழி முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் எல்லாப் பழியையும் அதன்மேல் போடுவது அநியாயம்.

"நாளாக நாளாகச் சரியாகிவிடும்" என்றும் சொல்கிறார்கள். அமெரிக்காவில் குடியேறிய ஆண்கள் 10-15 வருடத்தில் உள்ளூர்க்காரர்களின் ஊதியத்தை எட்டிவிடுகிறார்கள் என்று பொருளாதார ஆய்வாளர் பாரி சிஸ்விக் 1978-இல் எழுதினார். ஒரே ஆண்டின் கணக்கெடுப்பை வைத்து முன்பு வந்தவரையும் நேற்று வந்தவரையும் ஒப்பிட்டால், இரு தரப்பும் வந்தபோதே ஒரே திறமையோடு வந்தவர்கள் அல்ல என்பதால், வளர்ச்சி மிகையாகத் தெரியும் என்று 1985-இல் இன்னொரு பொருளாதார ஆய்வாளர் ஜார்ஜ் போர்ஹாஸ் மறுத்தார். எனக்கு அந்த மறுப்புதான் நியாயமாகப் படுகிறது.

விசா ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருந்தால் சம்பளம் கூட்டிக் கேட்கக்கூட வாய் வராது. அது தனிக் கொடுமை.

மேற்பார்வையில் சில மாதம், சம்பளத்தோடு, வார்டில் வேலை பார்க்க விட்டாலே என் தோழியின் திறமை தெரிந்துவிடும். அப்படி ஒரு வழியை ஏன் எல்லா நாடுகளும் திறந்துவைக்கக் கூடாது? ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்ணும் இரண்டு வருடம்தான் செல்லும். இவளுடையது காலாவதியாகிவிட்டதால் போன வாரம் மறுபடியும் பணம் கட்டியிருக்கிறாள்.